இரண்டு அண்ணாமலையும் ஒரே நாலு டிகிரியும்

சால்டரிங் அயர்ன் பட்டு ஈயம் உருகும்போது ஒரு புகை வருமே... என் முதல் வேலைக்கு அந்த வாசனைதான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறை. கீழே வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் கஃபே, மேலே நாங்கள் மூன்று பேர்.

முதலாளி, புரோகிராம் எழுதும் நான், பின்மேஜையில் சர்க்யூட் போர்டு சால்டர் செய்யும் அண்ணாமலை. என் பெயரும் அண்ணாமலைதான். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு அதிசயமா? மலைக்கும் சாமிக்குமே அந்தப் பெயர்தான். தெருவுக்கு நாலு பேர் இருப்போம்.

கீழ்பென்னாத்தூரில் பாலைக் குளிரவைக்கும் ஒரு இடத்துக்குப் போர்டு செய்துகொண்டிருந்தோம். ஒரு மெயின் சிப், அதன் குழந்தைகளாக இரண்டு சென்சார். ஒன்று பாலின் சூட்டைப் பார்க்கும், இன்னொன்று வெளிச்சூட்டை. எந்த சென்சார் எந்த நம்பரில் இருக்கிறது என்று தனியாகக் குறிப்பு எழுதியிருக்கும். சென்சார்களை இயக்கும் புரோகிராமான கெர்னல் டிரைவர் கிளம்பும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் குறிப்பைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் புரோகிராம் கோடு நான் எழுதியது.

டெஸ்ட் செய்தோம். பால் சென்சாரை ஐஸ் டம்ளரில் விட்டு, மற்றதை வெயில் விழும் ஜன்னலில் வைத்தோம். திரையில் இரண்டுக்கும் நாலு டிகிரி!

"ரெண்டு ஒயரும் எங்கயோ ஒட்டிக்கினு இருக்கு. ஏம்பா, பார்த்து செய்யமாட்டியா?" என்று முதலாளி பின்மேஜையைப் பார்த்துக் கத்தினார். நானும் தலையாட்டினேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆட்டினேன்.

அவன் மூன்று தடவை பிரித்துப் பிரித்துச் சால்டர் செய்தான். விரலைச் சுட்டுக்கொண்டான். அதே நாலு டிகிரி.

"நாளைக்குள்ள சரியாகலைன்னா நீ வேற எடம் பார்த்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார் முதலாளி. அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மறுநாள் காலையில் கொரியர்காரர் வந்தார். "அண்ணாமலை யாருங்க?"

வாசலை ஒட்டி என் மேஜை. வழக்கம்போல நானே வாங்கிப் பிரித்தேன். உள்ளே பின்மேஜை அண்ணாமலையின் கல்யாணப் பத்திரிகை, அச்சடிப்பதற்கு முன் திருத்தம் பார்க்க அனுப்பியது.

பத்திரிகையில் இருந்த பெயரை இன்னொரு தடவை படித்தேன். கொரியர்காரர் பெயரை மட்டும் கேட்டார்... முதலில் இருந்தவன் வாங்கிக்கொண்டான். என் கோடும் இதைத்தானே செய்துகொண்டிருந்தது! இரண்டு சென்சாருக்கும் ஒரே பெயர். பெயரை மட்டும் ஒப்பிட்டு, பட்டியலில் முதலில் இருந்த பால் குறிப்பை இரண்டுக்குமே கொடுத்திருக்கிறது. ஜன்னலில் இருந்ததை யாரும் கேட்கவே இல்லை.

நம்பரையும் சேர்த்துப் பார்க்க ஒரு வரி போட்டேன்.

திரையில் நாலு... முப்பத்தாறு.

எப்படியோ சரியாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆசையும் இருந்தது. கையில் அவன் பத்திரிகை இருந்ததால் முடியவில்லை.

"சார், தப்பு என்னோடது. அவன் வேலையில ஒண்ணும் இல்ல."

முதலாளி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணாமலை சுட்ட விரலைத் தடவிக்கொண்டே சிரித்தான். "வுடுபா. யாரைத் திட்டினாலும் அண்ணாமலையத்தானே திட்டினாரு."

இப்போது பெங்களூரில் பெரிய ஆபீஸ். அதே டிரைவர் வேலைதான். போர்டு எங்கிருந்தோ வருகிறது, செய்தவர் முகம்கூடத் தெரியாது. ஈயப் புகை வாசனையும் இல்லை. ஏதாவது ஓடவில்லை என்றால் "ஹார்ட்வேர் பிராப்ளம்" என்று ஒரே கிளிக்கில் தள்ளிவிடலாம், அவ்வளவு சுலபம்.

நான் மட்டும் தள்ளுவதற்கு முன் என் கோடை இன்னொரு தடவை படித்துப் பார்க்கிறேன்... அந்தப் பக்கம் யாரோ ஒருவன் மூன்றாவது தடவையாகப் பிரித்துச் சால்டர் செய்துகொண்டிருப்பான்.