மரத்துக்குப் பின்னால் நிற்கும் ஏட்டு

என் அக்கா மகளைக் கட்டியவன் போக்குவரத்துக் காவலில் ஏட்டு. ஆள் கம்பம் மாதிரி உயரம். அந்த உயரத்தை மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பதே அவன் உத்தியோகம்.

சாலைப் பாதுகாப்புக்கென்று மேலிடத்திலிருந்து மானியம் வந்திருந்தது. மணிக்கு மூன்று பேர்மேலாவது வழக்கு எழுதினால்தான் மறுவருஷமும் கிடைக்கும். இவன் சந்தடியில்லாத தெருவில் மறைந்து நின்று, தலைக்கவசம் போடாமல் ரொட்டி வாங்கப் போகிறவர்களைப் பிடித்தான். லாரிகள் பறக்கும் ஆஸ்பத்திரி முனைப் பக்கம் தலைகாட்டவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் அவன் பெண்டாட்டி தினமும் அங்கேதான் சாலையைக் கடக்கிறாள்.

“உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டுப் போறேன். ஒரு வாரம் அங்க வந்து நில்லுங்களேன்,” என்றாள்.

“ஒருநாள் நின்னேனே. என்னைப் பாத்ததும் அத்தனை பேரும் மெதுவாப் போயிட்டானுங்க. ஒருத்தன்கூடச் சிக்கல.”

“மெதுவாப் போகணும்னுதானே, மாப்பிள்ளை, மானியமே குடுக்கறாங்க?” என்றேன் நான்.

“சின்ன அத்தை, உங்களுக்கு இதெல்லாம் புரியாது.”

புரியத்தான் இல்லை. அந்த மாதமே ஒரு லாரி அவள் காலை முறித்துப் போட்டது. வெட்கங்கெட்டவன், அடுத்த மானியத்துக்கு எழுதிய மனுவில் அந்த விபத்தையே முதல் பக்கத்தில் சேர்த்தான். மானியம் இரட்டிப்பாக வந்தது.

அவள் இன்று தடியூன்றி அதே முனையைக் கடக்கிறாள். மரத்துக்குப் பின்னால் இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள்.