மூடி போடாத ஜாடி

ஒரு எண்ணெய் எந்தச் சூட்டில் தீயைப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடிக்கும் சோதனையை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், வாழ்நாள் முழுக்க மறக்காது. சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்று. அதில் எண்ணெய். மேலே இறுக்கமான மூடி, மூடியில் ஒரு குட்டி ஜன்னல். மெல்ல மெல்லச் சூடேற்றிக்கொண்டே, டிகிரிக்கு ஒரு தடவை ஜன்னலைத் திறந்து, மிளகளவு சுடர் ஒன்றை உள்ளே காட்டிவிட்டு எடுக்க வேண்டும். ஒன்றும் ஆகாது. மறுபடியும் ஒன்றும் ஆகாது. திடீரென்று எண்ணெயின் மேல் ஒரு நீல வெளிச்சம் ஓடி அணையும். அந்த நேரத்துச் சூடுதான் கணக்கு. அடுப்புக்கும் விளக்குக்கும் விற்கிற மண்ணெண்ணெயில் அது நாற்பது டிகிரிக்குக் கீழே வரக் கூடாது. வந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அர்த்தம்.

எங்கள் போத்தி துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கில் அந்த நீல வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதுதான் லாமாரா அத்தையின் வேலை. பக்கத்து மேஜையில் என் அம்மா எத்தேரி. அவள் அடர்த்தி பார்ப்பாள், தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். லாமாரா அத்தை நெடுநெடுவென்று உயரம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பேச்சு குறைவு. வேலை நாட்களில் வாசனை சோப்பு போட மாட்டாராம், மூக்கு கெட்டுவிடும் என்று. ஜாடியைத் திறந்த உடனே பாதி விடை அவருக்குத் தெரிந்துவிடும், மீதிப் பாதிக்குத்தான் கிண்ணம் என்று அம்மா சொல்வாள்.

மின்சாரமும் எரிவாயுவும் இல்லாமல் ஊர் கிடந்த வருடங்கள் அவை. நான் அப்போது பிறக்கவில்லை. சோளக்களி கிண்டுவதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் கை கால் காய்வதும் எல்லாமே மண்ணெண்ணெய் அடுப்பில்தான். லாமாரா அத்தையின் அண்ணன் ஜும்பர் ரயில் நிலையத்துப் பக்கம் போய் டாங்கர் வண்டிக்காரர்களிடம் வாங்கி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து விற்பார். முற்றத்தைச் சுற்றியிருந்த நாலு மாடி வீடுகளுக்கும் அவரே எண்ணெய்க்காரர். பெண்கள் அவரைச் சும்மா விட மாட்டார்கள். உன் எண்ணெயும் உன் வாக்கு மாதிரிதான், பாதி தண்ணீர் என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு குவளை கூடுதலாக ஊற்றிவிட்டுப் போவார்.

தங்கைக்கு மட்டும் தனியாக ஒரு கேன் கொண்டுவந்து வைப்பார். ஊர் எண்ணெயை எல்லாம் சோதிக்கிற லாமாரா அத்தை அந்தக் கேனை ஒரு நாளும் சோதித்ததில்லை. கூடப் பிறந்தவன் தூக்கிவந்து வைத்ததைக் கிண்ணத்தில் ஊற்றிச் சந்தேகப்படுவதா? அந்தக் குளிர்காலத்தில் அடுப்பு, தீக்குச்சியைக் காட்டியதுமே பற்றியது. அவருக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

மாசி மாதக் குளிரில் மூன்றாவது மாடி மெதிகோ எரிந்து செத்தார். அவருடைய கணவர் அவ்தாந்தில் ரொட்டி வரிசையில் நின்றிருந்தார். ஓடிவந்து பழுக்கக் காய்ந்திருந்த கதவை இழுத்ததில் இரண்டு கையும் வெந்துபோயின. சவப்பெட்டியைத் திறந்துவைக்கும் நிலையில் மெதிகோ இல்லை. மூடிய பெட்டியின் மேல் போட்டோவை வைத்து, அடக்கம் வரை சில நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி முற்றத்து ஆண்கள் எல்லோரும் முகம் மழிக்காமல் வாசலில் வரிசையாக நின்று வருகிறவர்களின் கையைப் பற்றினார்கள். ஜும்பரும் நின்றார்.

எரிகிற அடுப்பிலேயே எண்ணெய் ஊற்றியிருப்பாள் என்று ஊர் பேசியது. எண்ணெயில்தான் ஏதோ இருக்கிறது என்றும் சிலர் முணுமுணுத்தார்கள். பயத்தில் பாதி வீடுகளில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

போலீஸ் விசாரணை அதிகாரி ரெவாஸ், மெதிகோ வீட்டு பால்கனியில் கிடந்த கேனிலிருந்து கொஞ்சம் எண்ணெயை ஒரு ஊறுகாய் ஜாடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். வாசலிலேயே தயங்கினார்.

“ஜும்பர் உங்க அண்ணன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா இந்த ஊர்ல வேற ஆய்வுக்கூடம் ஏது? தலைநகரம் திபிலீசிக்கு அனுப்பலாம்னா வண்டிக்குப் பெட்ரோல் இல்ல.”

“பெட்ரோல்தானே சார்,” என்றாளாம் அம்மா. “அந்த ஜாடியிலயே இருந்தாலும் இருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. ரெவாஸ் விஷயத்தை உடைத்தே சொல்லிவிட்டுப் போனார். நாற்பதுக்குக் கீழே வந்தால் ஜும்பர் ஜெயிலுக்குப் போவார். மேலே வந்தால் இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி வழக்கை முடித்துவிடுவார்கள்.

போலீஸ் எண்ணெயைச் சோதிக்கப்போகிறது என்று தெரிந்து, முதல் நாளே ஜும்பர் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். கெஞ்ச வரவில்லை. இதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு மனசு என்னவோ போலாகும். அவர் வந்தது தன் எண்ணெய் சுத்தம் என்று முழுசாக நம்பி.

“நல்லா பாரு லாமாரா. ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாரு. எவன் எவனோ என்னென்னமோ பேசுறான். என் தங்கச்சி பார்த்துச் சொல்லிட்டான்னா எல்லாரும் வாயை மூடிருவாங்க.”

ரெவாஸ் போனதும் லாமாரா அத்தை ஜாடியின் மூடியைத் திருகித் திறந்தார். மூக்குக்குக் கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. திறந்ததும் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் அந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்திருந்தால் அடர்த்தி பெரிதாக மாறாது, நிறமும் மாறாது. நீல வெளிச்சம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் முதலில் ஆவியாகிப் பறந்துபோவதும் அந்தப் பெட்ரோல்தான். அதனால் மாதிரி வந்ததும் இறுக்க மூடிக் குளிரில் வைக்க வேண்டும். வாய் அகன்ற ஜாடியைத் திறந்துபோட்டால் காற்றே சாட்சியைத் தின்றுவிடும். பொய் எழுத வேண்டாம், கருவியைத் தொட வேண்டாம், ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும்.

அவர் ஜாடியை ஜன்னலுக்கு வெளியே கடல் காற்று அடிக்கிற திண்டில் வைத்தார். மூடி மேலங்கிப் பையில் இருந்தது.

“அக்கா, மூடி?” என்றாள் அம்மா.

“இருக்கட்டும்.”

அம்மாவுக்குப் புரிந்தது. காபி போடப் போனாள்.

பகல் முழுக்க ஜாடி அங்கேயே இருந்தது. சாயங்காலம் அவ்தாந்தில் வந்தார். இரண்டு கையிலும் கட்டு. தாடைக்குக் கீழே தொப்பியை இடுக்கிக்கொண்டு நின்றார், கையால் பிடிக்க முடியவில்லை. லாமாரா அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“ஜும்பரை உள்ள தள்ளணும்னு வரல. அவன் என் கல்யாணத்துக்குப் பாட்டுப் பாடினவன். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் லாமாரா. எரியுற அடுப்புல ஊத்தாத, ஊத்தாதன்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். அணைச்சுட்டுத்தானே ஊத்தியிருப்பா?”

லாமாரா அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் படி இறங்கிப் போனதும் பையிலிருந்து மூடியை எடுத்து ஜாடியை இறுக்க மூடினார். மூடி இரண்டு தடவை புரி தவறியதாம். அதற்குள் போக வேண்டியது போய்விட்டிருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகச் சோதித்தார்கள். முப்பது தாண்டியது, முப்பத்தைந்து தாண்டியது, ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டில் நீல வெளிச்சம் ஓடியது. இன்னொரு தடவையும் அதே. அம்மா பெருமூச்சு விட்டு, முடிஞ்சுது அக்கா என்றாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ரெவாஸ் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

லாமாரா அத்தையால் உட்கார முடியவில்லை. தான் மறைத்தது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நேராக வீட்டுக்குப் போய், அண்ணன் கொண்டுவந்து வைத்திருந்த மூடிய கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மெதிகோவுக்கு விற்ற அதே சரக்கு. கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜும்பர் உள்ளே வந்தார், ஒரு கையில் ஒயின், ஒரு கையில் பாலாடைக்கட்டி. முகமெல்லாம் சிரிப்பு. எண்ணெய் சுத்தம் என்று ரெவாஸ் சொன்னதை முற்றத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். பெண்கள் கேன்களைக் கீழே இறக்கி அடுப்பைப் பற்றவைக்கத் தொடங்கிவிட்டார்களாம். அவ்தாந்தில்தான் பாவம், செத்தவள் மேலேயே கோபப்படுகிறான், சொன்ன பேச்சைக் கேட்டாளா என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே கத்திவிட்டான் என்றார்.

“பேசாதண்ணா. இங்க வந்து பாரு.”

அறையில் மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். கிண்ணத்துக்கு அடியில் சூடே வைக்கவில்லை. லாமாரா அத்தை குட்டி ஜன்னலைத் திறந்து சுடரைக் காட்டினார். பக்கென்று ஒரு சத்தம். நீலம் பாய்ந்து சுடரையும் சேர்த்து அணைத்தது.

“இது எவன் எண்ணெய்?”

“நீ எனக்குக் கொண்டாந்தது.”

“அப்ப அந்த நாப்பத்திரண்டு?”

“ஜாடிய மூடாம வச்சேன். பகல் பூரா.”

ஜும்பர் ஒயினை மேஜை மேல் வைத்தார். “நான் அப்படிக் கேட்டேனா?”

“இல்ல.”

“நல்லா பாருன்னுதானே சொன்னேன்?”

“ஆமா.”

“தெரிஞ்சே கலந்தேன்னு நெனச்சுட்டியா நீ?”

லாமாரா அத்தை கேனின் மூடியை எடுத்து இறுக்கத் திருகினார். அம்மா இன்னொரு மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். பிறகுதான் தெரிந்தது: பெட்ரோல் ஏற்றிய டாங்கரைக் கழுவாமலே மண்ணெண்ணெய் நிரப்பியிருக்கிறார்கள், விலை குறைவு என்று ஜும்பர் வாங்கியிருக்கிறார். ஏன் குறைவு என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதான்! அதற்கு ஒரு உயிர்.

அடுத்த கணம் அண்ணனும் தங்கையும் ஓடினார்கள். கொட்டும் மழையில் முற்றத்துக்குள் நுழைந்தபோது மாடி மாடியாக அடுப்புக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. லாமாரா அத்தை நடு முற்றத்தில் நின்று, எண்ணெயில் பெட்ரோல் இருக்கிறது, நான் கொடுத்த தாள் பொய் என்று சொன்னார். கத்தினால் குரல் உடையும் என்று மெதுவாகச் சொன்னாராம், அதனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஜும்பர் வீடு வீடாக ஏறினார்.

“ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. கேனைக் குடுங்க.”

“குளிர்ல விறைச்சுச் சாகச் சொல்றியா?” என்றாள் ஒருத்தி.

“திட்டு. குடுத்துட்டுத் திட்டு.”

எல்லாக் கேனையும் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். வேறு யாரும் எரியவில்லை.

அவ்தாந்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். லாமாரா அத்தை அவருக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெயை, ஜாடியை, மூடியை. அவர் திட்டவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்.

“அப்ப அவ அணைச்சுட்டுத்தான் ஊத்துனா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். யார் குறை சொல்லப்போகிறார்கள்? லாமாரா அத்தை அதையும் சொல்லவில்லை.

“தெரியலையே அவ்தாந்தில். எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது. அணைச்சிருந்தாலும் இந்த எண்ணெய்க்குப் பழுக்கக் காஞ்ச பர்னரே போதும். அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.”

அவர் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், தான் கத்திய அதே இடத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஜும்பர் அன்றைக்கே ரெவாஸிடம் தானே போனார். சிறையில் இரண்டாவது குளிர்காலத்தில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. அந்த வருடங்களில் எங்கள் சிறைகளில் அப்படிப் போனவர்கள் ஏராளம். லாமாரா அத்தையை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜாடி திறந்திருந்தது பக்கத்து மேஜை எத்தேரிக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது, நான் மறைத்துவைத்தேன் என்று எழுதிக்கொடுத்தார். அதனால் அம்மாவின் வேலை தப்பியது. அதற்குப் பிறகு சந்தையில் சோளமாவு விற்றுத்தான் லாமாரா அத்தை பிழைத்தார்.

ஜும்பரின் உடல் வந்த அன்று அவருடைய மனைவி லாமாரா அத்தையை வாசலுக்குள் விடவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் மழையில் தனியாக நின்று அண்ணனை அனுப்பிவைத்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் நிற்கவில்லை. அன்று அவளுக்கு வேலை நாள்.