கூரைக்கு எட்டாத சுவர்

மகளைத் தூங்கவைக்கக் கிட்டார் வாசித்து முடித்தால் விரல் நுனியில் கம்பியின் துரு வாசனை ஒட்டிக்கொள்கிறது. கூலிம் நகரத்து இந்த அடுக்குமாடி வீட்டில் அதை முகர்ந்ததுமே செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்து மதியம் வந்துவிடுகிறது. விடியுமுன் பாலெடுக்கப் பால்மரப் பட்டையை வெட்டப் போய்த் திரும்பிய அப்பாவின் விரல்களில் ரப்பர் பால் காய்ந்து கிடக்கும், அதனாலேயே மாதா கோயில் பாட்டுக்கென்று வாங்கிய கிட்டார் எங்களைத் தாலாட்டும்போது கொஞ்சம் அமுங்கிய குரலில் ஒலிக்கும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு நடுவிலுள்ள பலகைச் சுவர் கூரை வரை எட்டாது, ஆகவே எங்கள் தாலாட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும்.

"அண்ணே, நிப்பாட்டிடாதீங்க லா, எம்புள்ள இன்னும் கண்ண மூடல" என்று சுவருக்கு மேலாக ரோசம்மா அக்காவின் குரல் வரும். அப்பா மறுபடி தொடங்குவார்.

அந்தக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. துக்க வீட்டுப் பக்கத்தில் பாட்டு எதற்கென்று அப்பா கிட்டாரை அலமாரிமேல் ஏற்றிவிட்டார். மதியங்களில் தகரக் கூரை வெயிலில் முறுகுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சில நாள் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கூப்பிட்டார்.

"வாசிங்கண்ணே. எனக்குத்தான் தூக்கம் வரல."

நாங்கள் தூங்கிய பிறகும், அந்தப் பக்கத்து அழுகை ஓயும்வரை அப்பா வாசித்தார்.

லயத்தை இடித்து எண்ணெய்ச் செம்பனை நட்டுவிட்டார்கள். அப்பாவும் இல்லை. மகள் தூங்கிய பிறகும் நான் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே சுவர் கூரையை முட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் யாராவது தூங்காமல் அழுதுகொண்டிருந்தாலும் எனக்குக் கேட்காது.