ஒரு எழுத்து மாறிய படம்

பேச்சிச்செல்விக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று அவள் மாமியார் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள். தெரிந்தது என்னவோ, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளை அடிக்கிற பழைய வித்தை ஒன்றுதான். ஏரல் பக்கத்து வயக்காட்டு ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறிப்போய் டாஸ் கோர்ஸ் முடித்தாள். சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்த வருடமே அந்த சென்டர்காரன் டாஸைத் தூக்கிவிட்டு விண்டோஸ் என்று போர்டு மாட்டினான். துறைமுகத்து ஷிப்பிங் ஆபீஸில் ஏசி அறையில் உட்காரப்போகிறோம் என்று நினைத்திருந்தவளை ஒரு ஆபீஸும் சீந்தவில்லை. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தாள். புருஷன் தங்கதுரை உப்பு லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருந்த நாளைவிட ரோட்டில் இருந்த நாள்தான் அதிகம்.

அவளுக்குச் சோறு போட்டது செந்தூர்வேல் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடை. அங்கே ஒரு அரதப்பழசான பிரிண்டிங் மெஷின். அதை ஓட்டும் சாப்ட்வேர் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை செய்யும். புதுசு வாங்கினால் மெஷினையும் சேர்த்து மாற்ற வேண்டும், அண்ணாச்சியோ சட்டைப் பொத்தான் தெறித்தால்கூட ஊக்கு குத்திக்கொண்டு வருகிற ஆள். அந்தச் சாப்ட்வேருக்குப் படத்தின் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும், நடுவில் இடைவெளி ஆகாது. இப்போது வருகிற படங்களெல்லாம் போனிலிருந்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சரக்கு ரயில் நீளத்துக்குப் பெயர். வந்த எல்லாவற்றுக்கும் செல்விதான் கறுப்புத் திரையைத் திறந்து, ren என்று அடித்து, பழைய பெயரையும் புதுப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு என்டரைத் தட்டுவாள். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இந்த வேலை கிடையாது. அதனால் வேறு எந்தக் கடையிலும் அவளுக்கு வேலை கிடையாது. இது அண்ணாச்சிக்கும் தெரியும்.

பெயர் வைக்கவும் கடையில் ஒரு முறை இருந்தது. முதல் எழுத்து காரியத்துக்கு. கல்யாணம் என்றால் K, மஞ்சள் நீராட்டு என்றால் M, கண்ணீர் அஞ்சலி என்றால் A. அதற்குப் பின்னால் ஊரின் சுருக்கமும் எண்ணும். மாப்பிள்ளையூரணியில் ஒரு பெண் பெரியவளானால் அவள் படம் MMAPI07. அந்தப் பெண்ணுக்கே கல்யாணம் என்று அப்பன் வந்து நின்றால், ரென் போட்டு M-ஐ K ஆக்கினால் முடிந்தது. கறுப்புத் திரையில் ஒரு எழுத்து மாறும், மூஞ்சி அப்படியே இருக்கும். இப்படி எத்தனையோ பேரை அவள் பெரியவளாக்கியிருக்கிறாள், கட்டிக்கொடுத்திருக்கிறாள், கடைசியில் A போட்டு அனுப்பியும் வைத்திருக்கிறாள்.

A எழுத்துக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் உண்டு. செத்தவர்கள் முகம் அமாவாசை தாண்டிக் கடைக்குள் இருக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் பயம். அதனால் அமாவாசை அன்று காலையில் கல்லாவுக்குச் சூடம் காட்டி முடித்ததும், செல்வி del A*.* என்று ஒரே வரி அடிப்பாள். அந்த மாதத்துச் சாவு மொத்தமும் போய்விடும். கேட்டு வர யார் இருக்கிறார்கள்?

போன வருடத்துக்கு முந்தின வருடம் புரட்டாசியில், குலசை தசராவுக்கு ஊர் ஊராகக் குழுக்காரர்கள் பேனருக்கு வந்து மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மாப்பிள்ளையூரணி முத்துக்குமரன் வந்தார். இரும்புக் கடை வைத்திருக்கிறவர், அண்ணாச்சிக்குத் தூரத்துச் சொந்தம். அவர் மகள் சண்முகப்ரியா பெரியதாழைக் கடற்கரைக் கிறிஸ்தவப் பையன் ஜெபினை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன செய்தி கடைத்தெரு முழுக்கத் தெரிந்ததுதான். அவர் உட்காரவில்லை. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வேண்டும், தன் கடை வாசலிலிருந்து பெரியதாழை பஸ் ஸ்டாப் வரைக்கும் கட்ட வேண்டும் என்றார். யாருக்கு என்று செல்வி கேட்டாள்.

"எம் மகளுக்கு," என்றார். "எனக்கு அவ செத்துட்டா."

படம் கேட்டதற்கு, வீட்டில் அவள் இருக்கிற ஆல்பம் ஒன்று விடாமல் கொளுத்தியாகிவிட்டது, மஞ்சள் நீராட்டுச் சடங்குக்குப் பேனர் அடித்த படம் இங்கே இருக்கும், அதையே போடுங்கள் என்றார். சொல்லிவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி செல்வியைப் பார்த்தார்.

அந்தப் படம் செல்விக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சடங்குக்குப் பேனர் அடிக்க வந்தபோது அந்தப் பிள்ளை இவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இது வேண்டாம் அது வேண்டாம் என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அம்மா இசக்கித்தாய் மகள் கன்னத்தில் மஞ்சளை அப்புகிறாள், பிள்ளை கூச்சத்தில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறது. இதில் நீ அழகாகவே இல்லையே என்று செல்வி கேலி பண்ணினாள். "எங்கம்மா அழகா இருக்கால்லா," என்றது பிள்ளை.

முத்துக்குமரன் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இதை அடிப்பது பாவமில்லையா என்று அண்ணாச்சியிடம் செல்வி கேட்டாள்.

"ஏளா, அவரு பெத்த புள்ளைக்கு அவரு அடிக்காரு. ஒனக்கு எங்கன வலிக்கு?" என்றார் அண்ணாச்சி. பிறகு, எக்ஸ்பி கம்ப்யூட்டரைத் தலையில் கட்டிக்கொண்டு எத்தனை நாள் அழுவது, புது மெஷின் வாங்கிவிடலாமா என்று யோசிப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். வாங்கமாட்டார். வாங்கிவிட்டால்? நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எந்தக் கடை வாசலில் போய் நின்று எனக்கு டாஸ் தெரியும் என்று சொல்வது?

அவள் கறுப்புத் திரையைத் திறந்தாள். ren MMAPI07.JPG AMAPI07.JPG. என்டர்.

படத்தை நகல் எடுத்து, நகலுக்கு A போட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியாத கட்டளையா அது? ஆனால் இத்தனை வருடமாக ஒரு மூஞ்சிக்கு ஒரு எழுத்துதான் என்று கை பழகிவிட்டது. அடித்து முடித்ததும் திரும்ப M ஆக்கிவிடலாம், பிள்ளை பிழைத்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேடிகள் எல்லோரும் இப்படி ஒரு சமாதானம் கைவசம் வைத்திருப்பார்கள்.

அம்மாவை வெட்டிவிடச் சொன்னார் முத்துக்குமரன். செல்வி வெட்டினாள். கன்னத்தில் பதிந்திருந்த இரண்டு விரலை மட்டும் வெட்ட முடியவில்லை, வெட்டினால் கன்னமும் சேர்ந்து போகும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று விட்டுவிட்டாள். பேனர் போனது. பின்னாலேயே காளி வேசக் குழு, குறவன் வேசக் குழு, இன்னும் என்னென்னவோ குழு. சாப்பிடக்கூட நேரமில்லாமல் பேனர் ஓடியது. மகாளய அமாவாசை வந்தது. அண்ணாச்சி சூடம் காட்டினார். செல்வி வழக்கம்போல ஒரே வரி அடித்தாள்.

திரும்ப M ஆக்க வேண்டிய படம் ஒன்று அந்த A-க்களில் இருந்தது என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவே இல்லை.

இந்த வருடம் சித்திரை வெயிலில், மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், இடுப்பில் கைக்குழந்தையோடு சண்முகப்ரியா கடைக்குள் வந்தாள். வந்தவள் சண்டைக்கு வரவில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டாள். முன்பு உட்கார்ந்த ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவைப் பார்க்க அப்பா விடுவதில்லை, அம்மாவின் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார், பிள்ளை பெற்றதுகூட அம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ என்றாள். மாமியார் விக்டோரியா தங்கமானவள், ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பிள்ளைக்குக் காட்ட அம்மா முகம் ஒன்று வேண்டும் என்றாள். "அம்மாவும் நானும் இருக்குத படம் வேற எங்கனயும் இல்லக்கா. இங்கன ஒண்ணு கெடந்துச்சுல்லா."

செல்வி dir என்று அடித்து M-இல் தேடினாள். ஃபைல் நாட் ஃபவுண்ட் என்றது. A-இல் தேடினாள். அதே பதில். தேடாமலே தெரியும் என்றாலும், பக்கத்தில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கடைசியில் உள்ளதைச் சொன்னாள். பெயரை மாற்றியது, அமாவாசைக்கு அழித்தது, எல்லாம்.

சண்முகப்ரியா குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஃப்ளெக்ஸப் பாத்த அன்னைக்கே தெரியும்க்கா, இந்தப் படம் ஒங்ககிட்டதான் இருந்துச்சுன்னு. படம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு ஒங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

அப்படி ஒரு வழி இருந்தது என்பதே செல்விக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. வேலை போய்விடும் என்றுதான் பயந்தாள். வேலை போகாமலே சொல்லியிருக்கலாம். படம் இல்லை அண்ணாச்சி, அழிந்துபோச்சு. முத்துக்குமரன் திட்டிக்கொண்டே போயிருப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு பொய்யைச் சொல்லத் துப்பில்லாமல், அதையே இப்போது உண்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சண்முகப்ரியா துணிப்பையிலிருந்து ஒரு ஃப்ளெக்ஸ் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். பெரியதாழை பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்ததை யாரோ அறுத்துக்கொண்டுபோய்க் கரையில் வலைக்கு மேல் மூடிப் போட்டிருந்தார்களாம். ஜெபின் பார்த்துவிட்டு, முகம் இருந்த பாகத்தை மட்டும் கத்தியால் அறுத்து எடுத்து வந்திருக்கிறான். வெயிலிலும் உப்பிலும் கிடந்து சாயம் போயிருந்தது. நெற்றிக்கு மேல் 'கண்ணீர்' என்ற கறுப்பு எழுத்து பாதி நின்றது. கன்னத்தில் மஞ்சள் அப்பிய இரண்டு விரல் அப்படியே இருந்தது.

"இது எங்கம்மா வெரலு," என்று அதைத் தொட்டுக் காட்டினாள். "எழுத்த மட்டும் எடுத்துட்டு, போட்டோ மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்கக்கா. வெரல வெட்டிராதிய."

செல்வி போனில் அதைப் படம் எடுத்தாள். கண்ணீரை அழித்துவிட்டு நெற்றிக்குக் கொஞ்சம் நிறம் கொடுத்தாள். விரலைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த சின்ன போட்டோ பிரிண்டரில், அட்டையில் ஒன்று எடுத்துக் கொடுத்தபோது, சண்முகப்ரியா அதைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்து, ஆச்சி பாரு என்றாள். குழந்தை கையை நீட்டி அந்த மஞ்சளைப் பிடிக்கப் பார்த்தது. அதற்குமேல் செல்வியால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

அவர்கள் போன பிறகு, போனிலிருந்து வந்த அந்தப் படத்தைப் பழைய கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கலாம் என்று ரென் அடித்தாள். நீளப் பெயரைப் போட்டாள். புதுப் பெயரின் முதல் எழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சடங்கும் இல்லை, கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. இதற்கு ஒரு எழுத்து அந்தக் கடையில் கிடையாது.

அண்ணாச்சி ஏப்பம் விட்டுக்கொண்டே உள்ளே வந்தார். மேசைமேல் சண்முகப்ரியா விட்டுப்போன ஃப்ளெக்ஸ் துண்டைப் பார்த்துவிட்டு யார் வந்தது என்று கேட்டார்.

"நாம கொன்ன புள்ள வந்துட்டுப் போவுது அண்ணாச்சி," என்றாள் செல்வி.

அண்ணாச்சி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் போய் உட்கார்ந்து, பில் போட்டாயா என்று கேட்டார்.