நீள ஊசி

போனக்காட்டு எஸ்டேட் லயத்தில் அப்பா பெல்ட்டால் அடிப்பார். ஜெபமலர் அழமாட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாருக்காவது மூக்கு உடையும். தமிழச்சி என்று இளக்காரமாய் "பாண்டி" என்று கூப்பிட்டவளின் காதைக் கடித்துத் தையல் போடவைத்தாள். ஆராய்ச்சிக்குத் திருவனந்தபுரம் வந்தபின் கை அடங்கியிருந்தது.

அவள் வேலை செப்புப் பெட்டிக்குள். கண்ணுக்குத் தெரியாத அலுமினியச் சவ்வு ஒன்று. எவ்வளவு குளிர்வித்தாலும் அது சும்மா இருக்காது, நடுங்கும். அந்த நடுக்கத்தை ஒரு பக்கம் நசுக்கினால் மறுபக்கம் வீங்கும். நசுங்கியபடியே நிற்க வேண்டுமென்றால், பெட்டிக்குள் விடும் மைக்ரோவேவ் வேகமாக வெளியே கசிய வேண்டும். மற்றவர்கள் கசிவை அடைப்பார்கள். இவள் நீளமான ஊசி செருகி அதன் வழியே கசியவிட்டாள்; ஊசி நீண்டால் கசிவு கூடும். திரையில் கோடு இறங்கினால் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த மாதத்துக்குள் இறங்காவிட்டால் ஆராய்ச்சியை மூடச் சொல்லியிருந்தார் கைடு.

கோடு இறங்கவில்லை. குளிர்விப்பானிலிருந்து பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தாள். ஊசி பாதிதான் இருந்தது.

"ஊசிய யாரு வெட்டுனது?"

"நாந்தான் பிள்ளே," என்றார் ராஜையன், லேப் இன்ஜினியர். பெட்டியை மாட்டியவர் அவர்தான். "கண்டமானிக்கு ஒழுகிச்சு. இப்ப சொட்டு போகாது, கேட்டியா." நல்லது செய்தவரின் சிரிப்பு.

ஸ்பானர் அவள் கையிலேயே இருந்தது. முதல் அடி தாடையில். பல் ஒன்று இரும்பு மேசையில் தெறித்தது. அடுத்தது தோள் எலும்பில். உள்ளே முறிந்தது அவள் கைக்கே தெரிந்தது.

"ஒழுகணும்யா! ஒழுகுனாத்தான் அது அடங்கும்!"

கீழே விழுந்தவரை மிதித்தாள். செக்யூரிட்டி இரண்டு பேர் வந்து கையை முறுக்கினார்கள். அவர்களில் ஒருவனின் மணிக்கட்டைக் கடித்துத் தன்னை விடுவித்துக்கொண்டு, புது ஊசியைச் செருகி, ரத்தம் ஒட்டிய ஸ்பானரால் மூடியை முறுக்கினாள். பிறகு அவளே நடந்து வெளியே போனாள்.

லேபில் நுழையத் தடை. போலீஸில் புகார். ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கு மேலிருந்த அறையில் கிடந்தாள். ஒரு மத்தியானம் போன் வந்தது. கம்பி கட்டிய தாடை, பேச்சு குழறியது.

"ராஜையன். அந்தப் பெட்டிய மாட்டிக் குளிரவெச்சேன்."

"ஏன்?"

"எதுக்காக அடி வாங்குனேன்னு எனக்குத் தெரியாண்டாமா?"

"கோடு?"

"எறங்கிட்டு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். "மறுபக்கம்?"

"வீங்கிக் கெடக்கு. எம் மொகம் மாதிரி."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கேச வாபஸ் வாங்கமாட்டேன் பிள்ளே."

"வாங்காதீங்கண்ணே. கோட்ட மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

படம் வந்தபோது போலீஸ் ஜீப்பும் வந்திருந்தது. படியில் இறங்கும்போதும் அவள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் போலீஸ் அதைப் பிடுங்க, அவள் கை ஓங்கியது. மெல்ல இறக்கினாள்.