அப்புத்தளைக்கு மிதித்த ஐம்பத்தெட்டாம் எண்

காலை ஐந்தரை மணி. பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய கடையில் இரண்டு பருப்பு வடையும் ஒரு பிளேன்டீயும் நூற்று அறுபது ரூபாய். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் தெரு நிறையச் சைக்கிள்கள். அறுபத்திரண்டு பேர் முதுகில் எண் கட்டிக்கொண்டு குளிரில் கால் மாற்றி நின்றார்கள்.

முதல் நாள் கொழும்பிலிருந்து பத்து மணி நேரம் ரயிலில் வந்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு ஸ்டூடியோ உண்டு. கல்யாண வீட்டுப் படங்கள்தான் பிழைப்பு. ஊவா மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஓர் அம்புலன்ஸ் வாங்க நிதி சேர்க்கும் சைக்கிள் ஓட்டம் என்றும், படம் எடுக்க ஆள் இல்லை என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். சம்பளம் வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும் என்று கிளம்பிவிட்டேன்.

ஏற்பாட்டாளர் விஜயகுமார் ஓர் ஆட்டோவைக் காட்டினார். அதன் பின்பக்கத் திரைச்சீலையைக் கழற்றி, நான் பின்னோக்கி உட்காருவதற்கு ஒரு பலகை கட்டியிருந்தார்கள். ஓட்டுநர் அந்தோனிக்கு முப்பது வயதிருக்கும்.

“இப்புடி ஒக்காந்தா எல்லாரையும் மூஞ்சிக்கு நேரா எடுக்கலாம்ணே. ஆனா கெட்டியா புடிச்சுக்கங்க. வளைவுல உருண்டுறாதீங்க.”

ஆறு மணிக்குக் கொடி அசைந்தது. பதுளையிலிருந்து அப்புத்தளைக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹாலிஎல வரை பாதை பெரிதாக வதைக்காது. அதன் பிறகு ஏற்றம் விடாது. பன்னிரண்டரைக்குள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பொலிஸ் அனுமதி அதுவரைதான்.

ஏழு மணிக்கு ஹாலிஎல சந்தியில் இறங்கி நின்றேன். கூட்டம் முழுவதும் கடந்து வெகுநேரமான பின் ஐம்பத்தெட்டாம் எண் வந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண். ஆண்கள் ஓட்டும், நடுவில் கம்பி வைத்த கனத்த சைக்கிள். நீளக் காற்சட்டை, மேலே பூப்போட்ட சட்டை, இரவல் ஹெல்மெட். மற்றவர்களுடைய கியர் சைக்கிள்களுக்கு முன்னால் அது மாட்டு வண்டி மாதிரி இருந்தது.

“பத்மாவதி அக்கா,” என்றான் அந்தோனி. “பெரகலைக்கு மேல தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க. பந்தயத்துல பேர் குடுத்தப்ப தோட்டமே சிரிச்சிச்சு.”

ஆட்டோவை அவர் பக்கத்தில் மெதுவாக விட்டான். எப்போது சைக்கிள் பழகினீர்கள் என்று கேட்டேன்.

“போன தீவாளிக்கு மவன் விட்டுட்டுப் போன சைக்கிள் தம்பி. காலம்பற வேலைக்கு பேர் பதியுற பெரட்டுக்கு ஆள் கூப்புடுறதுக்கு முன்னாடி கிரவுண்டுல போயி சுத்துவேன். நாலு வாட்டி விழுந்தேன். அஞ்சாவது வாட்டி விழல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டேன்.

எட்டே கால். தெமோதரை. மேலே ஸ்டேஷன் பக்கமிருந்து ரயிலின் ஊதல் கேட்டது. தொழிலாளர்கள் சிலர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். பத்மாவதி அக்கா சைக்கிளைச் சாலையோரம் நிறுத்தி, தண்ணீர் குடிக்காமல், பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார். நான் கமராவைத் தூக்கியதும் கையால் வேண்டாம் என்றார்.

“என் தங்கச்சி இந்த எடத்துலதான் போனா தம்பி. பிரசவத்துக்கு பதுளைக்கு கொண்டு போகச் சொன்னாங்க. லொரி கெடைக்கவே மூணு மணி நேரம் ஆச்சு. கொழுந்து சாக்க எறக்கிட்டு அவள ஏத்துனோம். இங்க வர்றப்ப என் மடியிலயே அடங்கிட்டா. புள்ளையும் தங்கல.”

அந்தோனி எஞ்சினை அணைத்தான். நான் கமராவை உறையில் போட்டேன். அக்கா தாமே பேச்சை முடித்தார்.

“அன்னைக்கு இந்த ரோட்டுல கீழ வந்தேன். இன்னைக்கு மேல போறேன். வாங்க, நேரமாகுது.”

பத்தரைக்குப் பண்டாரவளை. கடைத்தெருவில் வெலிமடைக் கரட்டும் லீக்ஸும் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே கை தட்டினார்கள். அக்காவுக்கு யாரோ தோடம்பழம் உரித்துக் கொடுத்தார்கள். இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருந்தது.

பதினொன்று ஐந்துக்கு விஜயகுமார் போன் செய்தார்.

“முன்னுக்கு வந்தவங்களுக்குப் பரிசு குடுக்கப் போறாங்க. பிரதம விருந்தாளி வந்துட்டாரு. ஒடனே மேல வாங்க சார்!”

அதே நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அக்காவின் செயின் அறுந்து ரோட்டில் பாம்பு மாதிரி கிடந்தது. கடைசியில் வருபவர்களை ஏற்றிக்கொள்ளும் லொரி பின்னாலேயே வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

“ஏறுங்கக்கா. இம்புட்டுத் தூரம் வந்ததே பெரிய விஷயம்.”

“லொரியில மட்டும் ஏற மாட்டேன் தம்பி. நீங்க போங்க.”

செயினை எடுத்துக் கைப்பிடியில் சுற்றினார். சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார்.

நானும் அந்தோனியும் புறப்பட்டோம். எனக்குச் சொல்லப்பட்ட வேலை மேலே இருந்தது. ஆனால் நான் உட்கார்ந்திருந்தது பின்னோக்கி. விலகிப் போகப் போக, பனி இறங்கும் சாலையில் அந்தக் கனத்த சைக்கிளோடு குனிந்து நடக்கும் உருவம் கண் முன்னாலேயே இருந்தது. நாலு படம் எடுத்தேன். ஐந்தாவதை எடுக்க முடியவில்லை.

“அந்தோனி, வண்டிய திருப்புங்க.”

“விஜயகுமார் அண்ணன் கத்துவாரே?”

“கத்தட்டும்.”

அவன் அதற்காகவே காத்திருந்தவன் போல ஒரே வெட்டில் திருப்பினான். ஸ்பானர், ஓர் ஆணி, ரோட்டோரக் கல். சேதமான கண்ணியைத் தட்டி எடுத்து, மிச்சச் செயினை இழுத்துப் பொருத்த இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் செய்ததெல்லாம் சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

பன்னிரண்டு பத்து. இன்னும் மூன்று கிலோமீட்டர். அக்காவின் கால்கள் நடுங்குவது எனக்கே தெரிந்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் சாலையோரத்தில் பகல் கொழுந்து நிறுக்க வந்த பெண்கள், நாற்பது பேர் இருக்கும், கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். வேறு தோட்டத்துப் பெண்கள். அக்காவை யாருக்கும் தெரியாது. ஆனால் நகம் கறுத்த அந்த விரல்களைப் பார்த்ததும் ஒருத்தி கத்தினாள்.

“ஏய், நம்ம கொழுந்தெடுக்குற பொம்பளடி!”

அவ்வளவுதான். கூடைகள் இறங்கின. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் சப்பாத்துமாக அத்தனை பேரும் சைக்கிளோடு ஓடத் தொடங்கினார்கள். “மிதி அக்கா, மிதி!” தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை “கொழுந்து காயுது!” என்று கூவிப் பார்த்தார். பிறகு அவரும் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். அந்தோனி ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் பலகையில் முழங்காலிட்டு, விழுந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அப்புத்தளையில் முடிவுக் கோட்டின் அலங்கார வளைவை அவிழ்க்க ஏணி சாத்திவிட்டார்கள். மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. பொலிஸ் சார்ஜன்ட், சிங்களவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரும் கூட்டத்தைப் பார்த்தார். ஏணியில் இருந்தவனைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, தமிழில் “வரட்டும், வரட்டும்,” என்றார்.

பத்மாவதி அக்கா வளைவுக்குள் நுழைந்தார். ஏற்கெனவே முடித்த அறுபத்தொரு பேரும் எழுந்து நின்றார்கள். அவரால் சைக்கிளை விட்டு இறங்க முடியவில்லை. பெண்கள்தான் தூக்கி இறக்கினார்கள். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்தது. விஜயகுமார் என்னிடம் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“விருந்தாளிய போன்லயே எடுத்துட்டோம் சார். இத எடுத்தீங்களா? இத எடுத்தீங்களா?”

எடுத்திருந்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அந்தோனி எங்கள் இருவரையும் பெரகலைச் சந்தியில் இறக்கினான். எனக்குக் கொழும்பு பஸ்; அக்காவுக்குத் தோட்டத்துக்கு ஏறும் பாதை. கடை பெஞ்சில் உட்கார்ந்து கமராவின் சின்னத் திரையில் எல்லாவற்றையும் காட்டினேன். கைகளை உயர்த்தி வளைவுக்குள் வரும் படத்தைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் பின்னுக்குப் போகச் சொன்னார். பனியில் சைக்கிளைத் தள்ளும் படத்தில் விரலை வைத்தார்.

“இத பெருசா போட்டுக் குடுங்க தம்பி.”

“இதுல நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்களேக்கா?”

“களைச்சுத்தான் போனேன். ஆனா நிக்கலையே.”

என் ஸ்டூடியோவில் பாதி நாள் வியர்வையை அழிப்பதிலும் கறுத்த முகத்தை வெளுக்க வைப்பதிலும் போகும். மணமக்கள் அதைத்தான் கேட்பார்கள். அந்தப் படத்தில் நான் எதையும் தொடவில்லை. இரண்டு அடி அகலத்தில் அச்சிட்டுத் தோட்டத்துக்கு அனுப்பினேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு முகூர்த்த நாளில், மண்டபத்து மேளச் சத்தத்துக்கு நடுவே அந்தோனியின் அழைப்பு வந்தது. வெளியே ஓடி வந்து காதில் வைத்தேன்.

“அண்ணே, அம்புலன்ஸ் வந்துருச்சுல்ல? இன்னைக்கு விடியக்காலம்பற பத்மாவதி அக்கா இருக்குற லயத்து வீட்டு வரிசையிலருந்து மொத ஆள ஏத்திக்கிட்டுப் போச்சு. பிரசவம். கூடப் போனது அக்காதான். பொம்பளப் புள்ள, தாயும் புள்ளையும் சொகம். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கண்ணே!”