வெள்ளை வயிற்றுச் சிட்டு

எங்கள் ஹுவான் பெர்னாண்டஸ் தீவில் எர்மினியா அக்காவைப் போல வாய்த்துடுக்கு யாருக்கும் கிடையாது. அவளைப் போல உழைத்தவளும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். படுத்த படுக்கையாய்க் கிடந்த புருஷனுக்குக் கடைசிவரை எல்லாம் செய்தாள். அவர் போனபிறகு விடுதித் துணிகளைத் துவைத்தே இரண்டு பையன்களை ஆளாக்கினாள். இரண்டு பேரும் கண்டத்திலிருக்கும் வால்பரைசோ நகரத்துக்குக் கப்பலேறி அங்கேயே தங்கிவிட்டார்கள். யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக "அலுத்துப்போச்சுப்பா" என்பாள். வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்தது தொமிங்கோ என்ற சோம்பேறிப் பூனைதான்.

எனக்கு அவள் மேல் ஆறாத கோபம். போன சிங்கி இறால் பருவத்தில் என் பூனை ஒரு சிவப்பு ரீங்காரச்சிட்டைக் கவ்விக்கொண்டு தெருவோடு நடந்து வந்தது. அந்தச் சிவப்பு உலகத்திலேயே எங்கள் தீவில் மட்டும்தான் உண்டு, அதுவும் கொஞ்சமே கொஞ்சம். ஊர்க்கூட்டத்தில் இந்த அம்மாள் எழுந்து நின்றாள். "கொன்ன பூனை தீவை விட்டுக் கப்பலேறணும்! யாரு வீட்டுப் பூனையா இருந்தா என்ன?" என்று கத்தினாள். எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். கப்பலுக்குப் படகு விடுகிறவன் நான்தானே, என் பூனையை நானே கொண்டுபோய் ஏற்றினேன். அன்றோடு அவளோடு பேச்சை நிறுத்தினேன்.

அப்புறம் ஒரு காலை, இறால் கூண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வேலியைக் கடக்கிறேன். சிட்டுகள் தேன் குடிக்கட்டும் என்று அவளே நட்ட, காட்டுக்கோஸ் என்று நாங்கள் சொல்லும் பூமரத்தடியில் தொமிங்கோ உட்கார்ந்திருந்தது. வாயில் இறகு! மாட்டினாயா என்று மனசுக்குள் ஒரு குதி குதித்தேன், பொய் சொல்வானேன்.

அக்கா ஓடிவந்து பூனை வாயிலிருந்து சிட்டைப் பிடுங்கினாள். உயிர் இல்லை. எச்சிலில் நனைந்து கறுப்பாகச் சுருண்டிருந்தது.

"சிவப்பாடா?" என்றாள்.

"சிவப்பு இல்ல."

அப்படியென்றால் பச்சையாக இருக்கலாம். கண்டத்திலிருந்து வந்து குடியேறிய பச்சைச் சிட்டுகள் இங்கே ஏராளம். அதைப் பூனை பிடித்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அவள் வீட்டுக்குள் போனாள், நானும் பின்னாலேயே போனேன். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, சோப்பில் வெடித்துப்போன கையில் அதை வைத்து உலர்த்தினாள். தொமிங்கோ அவள் காலில் உரசியது. அந்தக் கையைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

"பச்சைதான் அக்கா. தூக்கிப் போடு. நான் ஒண்ணும் பாக்கல."

அவள் இறகை ஊதி ஊதி விரித்தாள். "பச்சைக்கு வயிறு அழுக்கா இருக்கும், கரித்துணி மாதிரி. இது வெள்ளை. பச்சையில ஆணுக்கு உச்சி சிவப்பா மின்னும். இங்க பாரு, நீலம்."

"சரி, அதனால என்ன?"

"இது சிவப்போட பொண்டாட்டிடா, மடையா! துணி காயப்போடுறப்ப எத்தனை நாள் பாத்திருக்கேன், அவன் இவ முன்னாடி மேலயும் கீழயும் பறந்து ஆட்டம் போடுறத. நிறம் வேற வேறங்கிறதால நீங்கதான் இவளைப் பச்சையில சேத்துட்டீங்க."

"அட, ஊரே பச்சைன்னுதானே சொல்லும்? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சு தொலைச்சிருச்சே!" என்றாள். பிறகு பூனையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தை மூடாமலே அழுதாள்.

கப்பல் வந்த அன்று தொமிங்கோவை ரொட்டிக் கூடையில் வைத்து மூடிக்கொண்டு துறைக்கு வந்தாள். நடந்து வந்ததிலேயே களைத்துப்போயிருந்தாள்.

"அங்க உன் பெரியவன் வந்து வாங்கிக்குவானா?" என்று கேட்டேன்.

"போன் பண்ணினேன். பாக்கலாம்னான்."

நான் படகில் இறங்கிக் கையை நீட்டினேன். அவள் கூடையைக் கொடுக்கவில்லை. உள்ளே அது கத்திக்கொண்டே இருந்தது.

"நொல்பெர்த்தோ, உன் பூனைக்கு என்ன பேரு?"

அன்றைக்குக் கூட்டத்தில் யாருமே அதைக் கேட்கவில்லை.

"செனிசா" என்றேன்.

"செனிசா" என்று அவளும் ஒருமுறை சொன்னாள். அப்புறம் கூடையை என் கையில் கொடுத்தாள்.